துக்கம் முடியும்வரை

லெபனான் மலையில் எங்கள் அய்ந்தூத் ஊரில் பதின்மூன்று வருஷம் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. கிறிஸ்தவர்களில் செத்தவர்கள் ஊருக்குத் திரும்பி வரலாம். உயிரோடு இருப்பவர்கள் வரக்கூடாது. இதை யாரும் இப்படிப் பச்சையாகச் சொன்னதில்லை. சமரசக் குழு என்று ஒன்று இருந்தது. ஊரில் இருக்கும் எங்கள் துரூஸ் மதத்தார் ஆறு பேர், பெய்ரூட்டுக்கு ஓடிப்போன கிறிஸ்தவர்கள் ஆறு பேர். பன்னிரண்டு பேரும் மாதம் ஒருமுறை கூடிக் காப்பி குடித்து, நிலைமை இன்னும் கனியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைவார்கள். கீழே யாராவது செத்துப்போனால் மட்டும் அவர்களுக்கு மனம் இரங்கும். காலையில் சவ வண்டி மலையேறும், மத்தியானம் காலியாக இறங்கும். பின்னால் ஒரு பேருந்தில் அழுதுகொண்டு வந்தவர்களும் அதே பேருந்தில் மலையிறங்கிவிடுவார்கள்.

லபீபே இறங்கவில்லை. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு அவளைப் பிடித்ததே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது.

பட்டுப்பூச்சி வளர்த்து நொடித்துப்போன வீட்டில் பிறந்தவள். பதினேழு வயதில் கொத்தனார் தன்யூஸுக்கு வாழ்க்கைப்பட்டாள். தன்யூஸ் வாயில்லாப் பூச்சி. இருவருக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவன் கல் செதுக்க, அவள் தலையில் சுமந்து ஏணி ஏறுவாள். ஊரில் துரூஸ் வீடுகளில் பாதி அப்படி எழும்பியதுதான், எங்கள் வீடு உட்பட. "உன் வீட்டுச் சமையலறைக் கல்லு அத்தனையும் என் மண்டை மேல ஏறி வந்ததுடி" என்று என் அம்மாவிடம் வாரம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள். அம்மா விடுவாளா? "அதான் ஒண்ணுகூட நேரா இல்ல" என்பாள்.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரக் கல்சுவர் ஒன்றுதான். அம்மாவும் லபீபேயும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒன்றாக ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போனவர்கள். கோழிக்காக ஒரு சண்டை, சுவரைத் தாண்டி வந்த மல்பெரிக் கிளைக்காக ஒரு சண்டை. பிள்ளை பெற்றால் மட்டும் சண்டைக்கு விடுமுறை. என் அண்ணன் நாயெஃப் பிறந்தபோது லவங்கப்பட்டை போட்டுக் காய்ச்சிய அரிசிமாப் பாயசத்தை ஒரு பெரிய சட்டி நிறையச் சுமந்துகொண்டு வந்தவள், தொட்டிலை எட்டிப் பார்த்து, "பரவால்ல, அப்பன் மூக்குதான். தப்பிச்சான்" என்றாளாம். அம்மா இதை எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்றுக்கு முன்னால்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபதில் கிறிஸ்தவர்களுக்கும் எங்களுக்கும் நடந்த வெட்டுக்குத்தை எங்கள் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது ஒன்று, நாங்கள் சொல்வது ஒன்று. இரண்டு கதையிலும் முதலில் அடித்தவன் மற்றவன்தான். அதற்குப் பிறகு ஒருவர் கல்யாணத்தில் மற்றவர் ஆடி, ஒருவர் சவத்தை மற்றவர் தூக்கி நூற்றிருபது வருஷம் ஓட்டினோம். எண்பத்திரண்டில் இஸ்ரேல் பட்டாளம் மலையேறியது. அதன் பின்னாலேயே கிறிஸ்தவக் கட்சிப் பையன்கள் துப்பாக்கியோடு வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சோதனைச் சாவடி போட்டார்கள். லபீபேயின் வீட்டுக்கு நேர் எதிரே. அடுத்த ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை என் அண்ணன் அந்தச் சாவடியைத் தாண்டி வீட்டுக்கு வரவேண்டியவன், வரவில்லை. மூன்றாம் நாள் கீழே பள்ளத்தாக்கில் கிடைத்தான். பத்தொன்பது வயது.

செப்டம்பரில் எங்கள் கட்சிப் பையன்கள் வந்தார்கள். கிறிஸ்தவர்கள் ஒரே பகலில் ஊரைக் காலிசெய்து ஓடினார்கள். ஓட முடியாத கிழடுகள் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். ஒன்பது பேரும் கொல்லப்பட்டார்கள். வெளியூர்க்காரர்கள் செய்தது என்று நாங்கள் சொல்வோம். நாயெஃப்பைக் கொன்றது வெளியூர்க்காரர்கள் என்று அவர்கள் சொல்வதைப் போலவே. அதற்கப்புறம் ஒரு வாரம் வெடிச்சத்தம். மாதா கோயில், லபீபேயின் வீடு, அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம், வாயையும்தான்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? யார் பிடித்தான், பிள்ளை என்ன சொன்னான், அழுதானா? கேட்காத ஆள் இல்லை. எங்களுக்குச் சாவு என்பது உடுப்பு மாற்றுவது மாதிரி; போன உயிர் உடனே வேறொரு வயிற்றில் பிறந்துவிடும். அகாலத்தில் கொல்லப்பட்டவன் பிறந்தால், பேச்சு வந்ததும் அந்தக் குழந்தை போன பிறவியைச் சொல்லும் என்பார்கள். அம்மா வெள்ளை முக்காட்டைப் போட்டுக்கொண்டு அப்படிப் "பேசுகிற" குழந்தைகளைத் தேடிப் போனாள். மூன்று ஊர். மூன்றாவது ஊரில் நாலு வயதுப் பையன் ஒருவன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து கொடுத்த மிட்டாயைத் தின்றுவிட்டு, "என்னை லாரி இடிச்சுது" என்றான். வேறு யாரோ வீட்டுப் பிள்ளை. அம்மா அவன் வாயைத் துடைத்துவிட்டு மீதி மிட்டாயையும் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை.

குழுவிலிருந்து ஊர்த்தலைவர் அபூ ஹாயெல் வருஷம் ஒருமுறை ஒரு தாளோடு வருவார். எந்த வழக்கும் இல்லை, யார் பெயரையும் கேட்கமாட்டேன் என்று அம்மா கையெழுத்துப் போட்டால் சமரசம் ஒரு படி நகருமாம். அம்மா காப்பி கொடுத்து அனுப்பிவிடுவாள். அவர் வெளியே போய், "நாயெஃப்போட அம்மா சம்மதிக்கல, நாம என்ன செய்ய?" என்பார். பன்னிரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று. கிறிஸ்தவர்கள் திரும்பிவந்தால் அவர்கள் தோட்டத்து ஆப்பிளைப் பறிப்பவர்கள் என்ன செய்வார்கள்? கீழே இருக்கும் ஆறு பேரும் அரசாங்கத்திடம் அகதி என்று சொல்லி வாங்கும் பணம் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் என் அம்மா தலையில் பழி.

தொண்ணூற்றாறு மே மாதம் தன்யூஸ் பெய்ரூட்டில் ஒரு வாடகை அறையில் செத்தான். அபூ ஹாயெல் வழக்கம்போல அனுமதித் தாள் எழுதினார். அடக்கமும் துக்கமும் முடியும்வரை குடும்பத்தார் ஊரில் தங்கலாம். எப்போதும் எழுதுகிற வரிதான். எல்லோரும் அன்றே இறங்கிவிடுவார்கள் என்பதால் அதை யாரும் இரண்டாம் முறை படித்ததில்லை. லபீபே படித்திருக்கிறாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அடக்கம் முடிந்தது. எங்கள் ஆண்கள் வரிசையாக நின்று, "மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்" என்று சொன்னார்கள். பேருந்து ஹாரன் அடித்தது. லபீபே பேருந்துப் பக்கம் போகாமல் நேரே நடந்து தன் வீட்டுக்குள் நுழைந்தாள். வீடு என்றால் இரண்டு சுவரும் ஒரு கல் வளைவும். மீதி இடுப்பளவுக்கு இடிந்த கல், அதற்குள் முளைத்த அத்திச்செடி. வளைவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் மகன் ரிஸ்க், பெய்ரூட்டில் டாக்ஸி ஓட்டுபவன், பின்னாலேயே ஓடிவந்தான்.

"அம்மா, வண்டி கெளம்புது."

"கெளம்பட்டும்."

"என்ன வெளையாடறியா? குழு என்ன சொல்லும்?"

"குழுதான் எழுதிக் குடுத்திருக்கு. துக்கம் முடியுறவரைக்கும். உங்கப்பன் செத்து ரெண்டு நாள்தான் ஆவுது, அதுக்குள்ள உனக்குத் துக்கம் முடிஞ்சிருச்சா?"

"அம்மா, கூரைகூட இல்லையே!"

"கூரை இருக்கற எடத்துல பதிமூணு வருஷம் இருந்தாச்சு. உங்கப்பன் அங்க செவத்தைப் பாத்துக்கிட்டே செத்தான். பொணமானாத்தான் ஊருக்கு வரலாம்னா அந்த மருவாதை எனக்கு வேணாம். நான் உசுரோட வந்திருக்கேன். ஒரு தார்ப்பாயும் காப்பித்தூளும் வாங்கிக் குடுத்துட்டுப் போ."

ரிஸ்க் தலையில் அடித்துக்கொண்டான். தார்ப்பாயும் வாங்கிக் கொடுத்தான்.

எங்கள் ஊரில் துக்க வீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. துக்கம் முடியும்வரை அந்த வாசலில் யாரும் வழக்குப் பேசக்கூடாது, பாக்கி கேட்கக்கூடாது, பழைய பகை எடுக்கக்கூடாது. சர்க்கரை போடாத கசப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, போனவனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். கொலைகாரன் வீடானாலும் அப்படித்தான். அதனால் முதல் வாரம் ஊரே அந்த இடிபாட்டுக்கு வந்துபோனது. வராவிட்டால் ஊருக்குத்தான் அவமானம். தன்யூஸ் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள் வந்து, "நல்ல கை அவருக்கு" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார்கள். அந்தக் கல் வளைவுக்குக் கீழே உட்கார்ந்து அதைச் சொல்ல அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப்பார்ப்பது உண்டு. நினைத்து எனக்கு ஒரு திருப்தியும் உண்டு.

நாங்கள் போகவில்லை. நாயெஃப் வீட்டார் போகாததை யாரும் தப்பு சொல்லவில்லை.

எட்டாம் நாள் காலை அபூ ஹாயெல் வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதே பள்ளிக்கூடம்தான், நான் அங்கே கணக்கு டீச்சர். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். எங்கள் பக்கம் பெண்களை மகன் பெயரால்தான் கூப்பிடுவோம்; உம் ரிஸ்க் என்றால் ரிஸ்கின் அம்மா.

"உம் ரிஸ்க், வாரம் முடிஞ்சிருச்சு."

"எந்த வாரம், தலைவரே?"

"துக்க வாரம்தான். ஏழு நாள்."

"செத்தது யாரு?"

"இது என்ன கேள்வி? தன்யூஸ், கடவுள் அவருக்கு இளைப்பாறுதல் குடுக்கட்டும்."

"தன்யூஸ் என்ன துரூஸா? உங்காளுக்கு ஏழு. எங்காளுக்கு நாப்பது. நாப்பதாம் நாள் சாமியார் வந்து பூசை வெச்சாத்தான் துக்கம் முடியும். உங்கப்பா செத்தப்ப ஏழு நாள் எங்க வீட்டுல பாட்டுப்பொட்டியத் தொடல நாங்க. மறந்துட்டீங்களா?"

அபூ ஹாயெல் தாளை எடுத்துப் படித்தார். தன் கையெழுத்தைத் தானே முறைத்தார். எத்தனை நாள் என்று எழுதாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. துக்கம் என்றால் ஏழு நாள். துரூஸ் மண்டைக்கு வேறு தோன்றாது. எழுதிய ஆறு துரூஸ்களுக்குத் தோன்றவில்லை சரி, கூட உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஆறு கிறிஸ்தவர்களுக்கும் தோன்றவில்லையே என்பதுதான் வேடிக்கை. யாரும் தங்கமாட்டார்கள் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

விஷயம் எங்கள் மதப் பெரியவர் ஷேக் ஃபந்தியிடம் போனது. தொண்ணூறு வயது, காது மந்தம். எல்லோரும் கத்திச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "செத்தவன் யாரோ அவன் சனங்க கணக்குதான் கணக்கு. இதைக் கேக்கவா என்னை எழுப்புனீங்க?" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். தீர்ந்தது. லபீபேக்கு நாற்பது நாள்.

பெய்ரூட்டிலிருந்து குழுவின் கிறிஸ்தவ ஆட்கள் ஒரு காரில் வந்து அவளைத் திட்டினார்கள். துக்க வீட்டில் திட்டக்கூடாது என்பதால் மெதுவாகத் திட்டினார்கள். "பதிமூணு வருஷமா நாங்க பேசிப்பேசிக் கட்டுனதை நீங்க ஒருத்தியாக் கெடுத்துருவீங்க" என்றான் ஒருவன், கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு. "நீங்க கட்டுனதை எனக்குக் கொஞ்சம் காட்டு தம்பி. நான் இங்க உக்காந்து பாக்கறேன், இடிஞ்சதுதான் கண்ணுல படுது" என்று அவன் கையிலும் கசப்புக் காப்பியைத் திணித்தாள்.

காப்பி கொடுத்த நேரம் போக அவள் சும்மா இருக்கவில்லை. அறுபத்திரண்டு வயது. விடிந்ததும் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இடிபாட்டிலிருந்து நல்ல கல்லாகப் பொறுக்கி, பழைய அஸ்திவாரத்தின் மேல் அடுக்க ஆரம்பித்தாள். அபூ ஹாயெல் ஓடிவந்து, "இது என்ன, உம் ரிஸ்க், வீடா கட்டறீங்க? தாள்ல அது இல்லையே" என்றார்.

"வீடா? செபமாலை சொல்றேன். மணி உருட்டக் கையில செபமாலை இல்ல. ஒரு மங்கள வார்த்தைக்கு ஒரு கல்லு. துக்கத்துல செபம் பண்ணக்கூடாதுன்னு உங்க தாள்ல இருக்கா?"

தன்யூஸுக்காக அவள் பண்ணிய செபம் மூன்றாம் வாரத்தில் முழங்காலுக்கு வந்தது. நாலாம் வாரம் யாரோ ஒரு மூட்டை சிமெண்ட்டைக் காலையில் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. யாரோ வெள்ளரிக்காய் கொண்டுவந்து வைத்தார்கள். ஊற்றிலிருந்து வரும் குழாயை ஒருவன் ஒட்டுப்போட்டு அவள் வாசல்வரை இழுத்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன சாவடிக்கு எதிர்வீட்டுக்காரி, ராணி மாதிரி உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்கிறாள்.

நான் தினம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். ஒருநாள் கூப்பிட்டாள்.

"ஏ நுஹாத், உங்கம்மாவுக்குக் கால் விழுந்துருச்சா?"

"நல்லா நடக்கறாங்க."

"அப்ப கண்ணு போச்சா? சமையக்கட்டு ஜன்னல்ல உக்காந்து என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்கா, நானும் பாக்கறேன். வந்து நேராப் பாக்கச் சொல்லு."

"உங்களப் பாக்க எங்கம்மாவுக்கு என்ன தலையெழுத்து?"

"அதை அவ சொல்லட்டும். நீ யாருடி, அவ வக்கீலா?"

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மத்தே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுரைக்குடுவையும் வெள்ளிக்குழலும் கையில் இருந்தால் அவளோடு பேசிப் பயனில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை உறிஞ்சிவிட்டு, "இன்னிக்கு எத்தனாம் நாள்?" என்றாள்.

"இருபத்தாறு."

"ம்" என்றாள்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். எப்போது தொலைவாள் என்று எண்ணுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நானும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் சனிக்கிழமை. சாமியார் வந்து வளைவுக்குக் கீழே ஒரு மேசை போட்டுப் பூசை வைத்தார். சுற்றிலும் மார்பளவுக்கு எழும்பிய கல்சுவர், மேலே தார்ப்பாய். பூசை முடியக் காத்திருந்த மாதிரி குழு வந்தது, பன்னிரண்டு பேரும். ரிஸ்க் காரைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான், பாவம். ஊர்ச்சனம் தெருவில். நான் எங்கள் பக்கச் சுவரோரம்.

அபூ ஹாயெல் தொண்டையைக் கனைத்தார். "உம் ரிஸ்க், உங்களுக்கு வேண்டிய மரியாதையெல்லாம் செஞ்சோம். குறை சொல்லமுடியாது. இப்ப கெளம்புங்க. சமரசம் முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கிட்டு வர்றேன்."

"நான் கெளம்பல."

"எங்களுக்காகச் சொல்லல. உம் நாயெஃப்பை நெனச்சுப் பாருங்க. பிள்ளையப் பறிகொடுத்தவ. அவ கண்ணு முன்னாடி நீங்க நடமாடுனா அந்த மனசு என்ன பாடுபடும்? அவளுக்காகத்தான் நாங்க இத்தனை வருஷமாப் பொறுத்திருக்கோம்."

அவர்கள் ஆள் கழுத்துப்பட்டைக்காரனும் தலையாட்டினான். இத்தனை நாள் லபீபே மேல் இருந்த கோபம் எனக்கு அந்த நொடியில் அந்தப் பன்னிரண்டு பேர் மேல் திரும்பியது. என் அம்மாவைக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஆக்கிவைத்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை அவளைக் கேட்காமல்! கத்த வாயெடுத்தேன். அதற்குள் என் தோளைப் பிடித்து ஊன்றிக்கொண்டு யாரோ சுவர் மேல் ஏறினார்கள். அம்மா. வெள்ளை முக்காடு, கறுப்புப் பாவாடை, அறுபத்திரண்டு வயதில் சுவரேறி அந்தப் பக்கம் குதித்தாள். தெருவைச் சுற்றிப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு அவள் போன வழி அதுதான்.

கூட்டம் விலகியது. அம்மா லபீபேயின் முன்னால் போய் நின்றாள்.

"துக்கம் முடிஞ்சுதா, லபீபே?"

"முடிஞ்சுது."

"பூசை வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"அப்ப இனி நான் கேக்கலாம். நாப்பது நாளா வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், துக்க வீட்டுல கேக்கக்கூடாதுன்னு." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, சுவரேறியதில். "அன்னிக்குச் செவ்வாக்கெழமை நீ வீட்டுல இருந்தியா?"

லபீபே எழுந்து நின்றாள். "இருந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

அபூ ஹாயெல் குறுக்கே வந்தார். "உம் நாயெஃப், இதெல்லாம் இப்ப எதுக்கு? இந்தப் பேச்சை எடுக்கறதில்லன்னுதான் குழுவுல..."

"நீ சும்மா இரு" என்றார்கள் இரண்டு பெண்களும்.

லபீபே ஒளிக்கவில்லை. அவள் குரல் ஊருக்கே கேட்கிற குரல், அன்றைக்கும் அதைத் தாழ்த்தவில்லை. "ஜன்னல்ல நின்னேன். மூணு பேர் அவனப் பிடிச்சு வெச்சிருந்தானுங்க. எவனையும் எனக்குத் தெரியாது, தெரிஞ்சா பேரச் சொல்லியிருப்பேன். உன் மகன் நிமிந்து என்னைப் பாத்தான். 'உம் ரிஸ்க், அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துருவாங்க'ன்னான். நான் ஜன்னலச் சாத்திட்டேன்."

ரிஸ்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தான்.

"அவன் சொல்லாதேன்னு சொன்னான், அதனால சொல்லலன்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள் லபீபே. "அது பொய். நான் பயந்துட்டேன். ஊருக்கெல்லாம் வாய் கிழியுற லபீபே, அன்னிக்கு வாயத் தொறக்கல. என் வீட்டு வாசல்ல, என் சாமி பேரச் சொல்றவனுங்க. நான் எறங்கிப் போயி ஒரு சத்தம் போட்டிருந்தா விட்டிருப்பானுங்களா, தெரியாது. போடல. அதையும் சேத்துத்தான் கொண்டு வந்திருக்கேன். மன்னிப்புக் கேக்க வரல. கேட்டா நீ குடுத்துருவியோன்னு பயமா இருக்கு. எனக்கு அது வேணாம், நான் இங்க இருக்கணும், அவ்ளோதான்."

எனக்கு அவளை அடிக்கவேண்டும்போல இருந்தது. அழவேண்டும்போலவும் இருந்தது. அம்மா அழவில்லை. மூன்று ஊர் சுற்றி, அடுத்தவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கேட்டும் கிடைக்காத பதில். பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மூடிவைக்கச் சொன்ன பதில்.

அபூ ஹாயெலுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "கேட்டீங்க இல்ல, உம் ரிஸ்க்? இதுக்கப்புறம் நீங்க எப்படி இங்க... ரிஸ்க், வண்டிய எடுப்பா."

"எங்க எடுக்கறது?" அம்மா திரும்பினாள். "இவ எங்கயும் போகமாட்டா."

"அப்ப... மன்னிச்சிட்டீங்களா?" அவர் கை சட்டைப்பைக்குள் போனது. அந்தத் தாளை எப்போதும் வைத்திருப்பார். "அப்ப ஒரு கையெழுத்து மட்டும்..."

"யாருய்யா மன்னிச்சது?" என் அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "மன்னிக்கல. மன்னிக்காமலே பக்கத்து வீட்டுல வெச்சுக்கறேன். என் பிள்ளையக் கடைசியாப் பாத்த கண்ணு இவகிட்ட இருக்கு. இவளக் கீழ அனுப்பிட்டு நான் யார்கிட்டப் போயிக் கேப்பேன், உன்கிட்டயா? உன் தாள்கிட்டயா? என் பேரச் சொல்லி இனிமே எவனாவது இந்த ஊருக்குள்ள ஒருத்தரத் தடுத்தான்னா, அவன் வீட்டு வாசல்ல நான் உக்காருவேன். நாப்பது நாள் இல்ல, சாகுறவரைக்கும்."

பன்னிரண்டு பேரில் முதலில் நகர்ந்தவன் கழுத்துப்பட்டைக்காரன். ரிஸ்க் கார்க் கதவைச் சாத்தினான்.

அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்து லபீபேக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். முட்டியோடு முட்டி இடிக்கிற தூரம்.

"உக்காருடி" என்றாள்.

லபீபே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தான்?"

"நீலச் சட்டை. முழங்கையில ஒட்டுப் போட்டது."

"எந்த முழங்கை?"

"வலது."

அம்மா தலையை அசைத்தாள். முக்காட்டின் நுனியை எடுத்து வாயில் அழுத்தி வைத்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டு, "அவன் தெருமுனையில திரும்புனப்பவே பாத்தியா, இல்ல பிடிச்சப்புறமா?" என்று கேட்டாள். "முதல்லேருந்து சொல்லு. எதையும் விடாத."

லபீபே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.